காயப்போட்ட மைதானம்

என் மகனுக்குப் படிப்பு ஏறவில்லை. வாத்தியாரே தன் வீட்டுப் பிள்ளையைப் பற்றி இப்படி எழுதுவது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைத் தொடங்க முடியாது. பத்தாம் வகுப்பில் ஒரு வருஷம் கூடுதலாக உட்கார்ந்து பதினொன்றுக்கு வந்தவன். அந்த வருஷம் அரைப்பரீட்சை முடிந்ததும், ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியார் எல்லோரும் இருக்கும்போதே என்னிடம் சொன்னார்:

"சார், பங்குனியில பெரிய பரீட்சை. உங்க பையன் பேப்பரை வெளியூர்ல எவனோ திருத்தப் போறான். நானே திருத்தினாலும் தேறாது, சொல்லிட்டேன்."

தமிழ் ஐயா சிரித்தார். நானும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

அவனுக்கு இருந்தது கால். அப்பன் என்பதற்காகச் சொல்லவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் செஞ்சியில் பையன்களுக்குப் பந்து பழக்கியிருக்கிறேன். அவனைப் போல் வலது ஓரத்தில், ரைட் அவுட்டில் ஓடுகிறவனை நான் பார்த்ததில்லை. ஓட்டத்தின் நடுவில் பந்தைத் தட்டிவிட்டுத் தோளை ஒரு பக்கம் சாய்ப்பான். எதிரில் நிற்பவன் அந்தத் தோளை நம்பி ஒரு பக்கம் போவான், இவன் மறுபக்கம் போய்விடுவான். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கிருந்தோ வந்தது.

என்னோடு டிரெயினிங் படித்த நண்பர் ஒருவர் வடக்கே ஒரு மில்லில் கால்பந்து அணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடத் தெரிந்த பையன்களை மில்லில் வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். பதினொன்றாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருக்க வேண்டும் என்று கூடக் கேட்கமாட்டார்கள். அவரிடம் பல தடவை சொல்லி, தை மாதம் எங்கள் மைதானத்தில் நடக்க இருந்த பள்ளிக்கூடங்களுக்கிடையிலான போட்டிக்கு வந்து பையனைப் பார்ப்பதாக ஒப்புக்கொள்ள வைத்திருந்தேன். பள்ளிக்கூடச் சட்டையில் அவன் ஆடப்போகிற கடைசி ஆட்டம் அது. அது போனால் அவனுக்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஐப்பசியில் அவரிடம் கேட்கத் தொடங்கியதிலிருந்து மூன்று மாதமும் சோற்றில் கை வைத்தால் இதுதான் நினைவு.

என் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரில் மற்ற வாத்தியார்கள் எல்லோரும் சார், உடற்பயிற்சி வாத்தியார் நான் மட்டும் 'டிரில்'. காலையில் மணி அடிக்கும் முன்பே கேட்டில் நின்று, தாமதமாக வருகிறவன்களைப் பிடிக்க வேண்டும். பிரேயரில் வரிசை கோணாமல் பார்க்க வேண்டும். கலெக்டர் வந்தால் அணிவகுப்பு, திருவிழா வந்தால் கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் பையன்களோடு நான். யாராவது மயங்கி விழுந்தால் சோடா வாங்கி வர நான். கோட்டையைப் பார்க்க வெளியூர் ஆட்கள் ஸ்கூல் வாசலில் வந்து வழி கேட்டால் தலைமையாசிரியர் ஜன்னல் வழியாக, "டிரில் மாஸ்டர், கொஞ்சம் காட்டிட்டு வாங்க" என்பார். பரீட்சை நெருங்கினால் என் பீரியட் என் பீரியட் இல்லை. கணக்கு வாத்தியார் சாக்பீஸோடு வந்து, "ஒரு நாள் விடுங்க சார், அல்ஜீப்ரா பாக்கி இருக்குது" என்பார். அந்த ஒரு நாள் கார்த்திகையில் தொடங்கிப் பங்குனியில் முடியும்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகுதான் பந்து. இருந்தது ஒரே ஒரு நல்ல பந்து. தோல் உறை, உள்ளே ரப்பர் பிளாடர், மேலே செருப்புக்குப் போடுவது போல் லேஸ். பிளாடர் வாரத்துக்கு ஒரு தரம் சைக்கிள் கடைக்குப் போய்ப் பஞ்சர் ஒட்டிக்கொண்டு வரும். தோல் காய்ந்து வெடிக்காமல் இருக்க நான் வீட்டில் கடலை எண்ணெய் தடவுவேன். என் மனைவி எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடுங்குவாள். "பந்துக்குத் தாளிச்சாச்சா? இனிமே பிள்ளைங்களுக்குத் தாளிக்கலாமா?"

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது மல்லாட்டை.

வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள். மார்கழி, தை இரண்டு மாதமும் செஞ்சிக் கடைத்தெரு மண்டிகளுக்கு மல்லாட்டை வண்டி வண்டியாக வந்து இறங்கும். ஈரக் காயை மூட்டையில் வைத்தால் பூசணம் பிடிக்கும், காயப்போட வேண்டும். காயப்போட வெட்டவெளி வேண்டும். ஊரிலேயே பெரிய வெட்டவெளி என் மைதானம். அந்த நிலத்தைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டவர்கள் கடைத்தெருக் குடும்பத்தார். விடும்போதே அறுவடைக் காலத்தில் காயப்போட்டுக்கொள்வது என்று வாய்ப்பேச்சு. எழுத்தில் இல்லை, ஆனால் எழுத்தில் இருப்பதை மாற்றலாம், இதை மாற்ற முடியாது. தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னால் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிக்கும்போது பேச்சு வேறு எங்கோ போயிருக்கும்.

பனி இறங்கும் முன் மண்டிப் பெண்கள் காயைக் குவித்துச் சாக்குப் போட்டு மூடுவார்கள். என் பையன்கள் சரியாக அந்த நேரத்தில்தான் பந்தோடு இறங்குவார்கள். மைதானம் முழுக்கக் குவியல். குவியலுக்கு நடுவில் பந்தைத் தட்டிக்கொண்டு போவார்கள். வளைந்து ஓட நல்ல பழக்கம் என்று நான் மனதைத் தேற்றிக்கொள்வேன். பந்து ஒரு குவியலில் போய்ச் செருகிக்கொண்டால் துடைப்பத்தோடு ஓர் அம்மாள் எழுந்து வருவாள்.

"டிரில் வாத்தியாரே, உன் பந்தைக் கட்டிப்போடு."

"இது விளையாடற இடம்மா."

"விளையாடு, யாரு வேணான்னா? பந்து பளபளன்னு இருக்குதே, எந்த எண்ணெய்? மல்லாட்டை இல்லேன்னா உனக்கு எண்ணெய் ஏது?"

பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதற்குள் கோட்டை மலை நிழல் மைதானத்தை மூடிவிடும். பிறகு பந்து கண்ணுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் பொழுது சாய்வதற்கு முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், அதையும் ஒரு குறையாக நான் கடவுளிடம் சொல்லியிருக்கிறேன்.

மல்லாட்டை மைதானத்தை எடுத்துக்கொண்டது பாதித் தொல்லை. பையன்களின் காலையும் எடுத்துக்கொண்டதுதான் மீதி.

காயப்போட்ட மல்லாட்டையைக் கையால் கிளறமாட்டார்கள். காலால் துழாவுவார்கள். பாதத்தைத் தூக்காமல், தரையோடு தரையாக இழுத்துக்கொண்டே நடப்பது. கால் போன வழியில் உழவுச் சால் போல் கோடு விழும், அடியில் கிடந்த காய் மேலே வரும். காலைத் தூக்கி வைத்தால் தோல் நொறுங்கும், நொறுங்கிய காய் விலை போகாது. ஓடினால் இன்னும் மோசம், காய் உருண்டு ஆளைக் கவிழ்த்துவிடும். அதனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஒரே பாடம்: மல்லாட்டை மேல் ஓடாதே, மிதிக்காதே, இழுத்து நட. அரிசிக்கும் கோதுமைக்கும் ரேஷன் கடையில் வரிசையில் நின்ற வருஷங்கள் அவை. காலில் மிதிபட்டு ஒரு காய் நொறுங்கினால் பெரியவர்கள் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கிற சின்னப் பிள்ளையே முதுகில் ஒன்று வைக்கும்.

நான் கடற்கரைப் பக்கத்துக்காரன். மணலில் ஆடி வளர்ந்தவன். மணலில் காலைத் தூக்காவிட்டால் பந்து நகராது. எனக்கு இந்தப் பழக்கம் புரிந்ததே இல்லை. பயிற்சியில் பாதி நேரம் நான் கத்துவது ஒரே வார்த்தைதான்: "காலைத் தூக்கு! காலைத் தூக்கு!"

என் மகனுக்கும் அந்தக் கால்தான். என் மனைவி பக்கத்துச் சிங்கவரத்து விவசாயக் குடும்பம். லீவு விட்டால் பையன் மாமன் வீட்டுக் களத்தில் இருப்பான். பச்சைத் தரையில் குதிரை போல் ஓடுகிறவன், காய் பரப்பிய இடத்துக்குப் பக்கத்தில் வந்தால் தன்னையறியாமல் மெதுவாவான். அதை நான் முன்பே கவனித்திருந்தேன். அணியில் அவனைச் சேர்த்ததற்கே ஆசிரியர் அறையில் பேச்சு இருந்தது. "ரைட் அவுட்டுக்கு வேற ஆள் கிடைக்கலையா, வீட்ல இருந்தே கூட்டிட்டு வந்துட்டாரு" என்பார்கள். அதனால் மைதானத்தில் நான் அவனை மற்றவர்களைவிட அதிகம் விரட்டுவேன். மைதானத்தில் அவனும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவான். வீட்டு வாசற்படியில் கால் வைத்த பிறகுதான் நைனா.

போட்டிக்கு முதலில் குறித்த தேதியன்று நல்ல வெயில்தான் அடித்தது, பிறகு பார்த்தேன். ஆனால் முன்கூட்டியே பஞ்சாங்கத்தைப் பார்த்தபோது அன்று தை அமாவாசை. அமாவாசை என்றால் மேல்மலையனூர் அம்மன் கோயில் கூட்டம், சுற்றுவட்டாரத்து பஸ்ஸெல்லாம் ஸ்பெஷல் போர்டு மாட்டிக்கொண்டு அங்கே போய்விடும். எதிர் அணியும் வரமுடியாது, மில் நண்பரும் வரமுடியாது. நானே ஆள் அனுப்பித் தேதியைத் தள்ளிவைத்தேன். கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டதாக நினைத்தேன்.

தள்ளிவைத்த தேதிக்கு முன்னால் தூறல் பிடித்துக்கொண்டது. தையில் யாரும் எதிர்பார்க்காத தூறல். விடாமல் சிணுங்கியது. போட்டி நாளன்று காலையில் பளீரென்று வெயில் அடித்தது. நான் சந்தோஷமாகச் சுண்ணாம்புத் தூள் வாளியோடு கோடு போடப் போனேன். போனால், மைதானத்தில் மூட்டை மூட்டையாக நனைந்த காயைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

மண்டிக்காரர் குடையோடு நடுவில் நின்றார். என்னைவிட வயதில் பெரியவர், பள்ளிக்கூடக் கமிட்டியிலும் இருந்தார். சட்டைப் பொத்தான் போடாமல் வந்திருந்தார், அவ்வளவு அவசரம்.

"இன்னாங்க இது? இன்னைக்கு மேட்ச். போன வாரமே சொன்னேன். ஒத்துக்கிட்டீங்க."

"ஒத்துக்கிட்டேன் சார். மழை ஒத்துக்கலையே. இன்னைக்கு வெயில் காட்டலேன்னா மொத்தமும் முளை விட்டுடும். அப்புறம் நான் வெத்தலை பாக்குக் கடை வெக்க வேண்டியதுதான்."

"வெளியூர்லேர்ந்து டீம் வருது. மில்லுலேர்ந்து ஆள் வர்றாரு."

"வரட்டுமே. நான் வேணாங்கலை. பந்து மேலதானே போவுது?"

"கீழேயும் வரும்!"

அவர் என்னைப் பார்த்தார். கிண்டலாக இல்லை, உண்மையிலேயே யோசித்தார். "உங்க கோட்டுக்கு வெளியே போட்டுக்கறேன் சார். கிழக்கால ஓரம் மட்டும். கோட்டுலேர்ந்து நாலு முழம் தள்ளி. போதுமா?"

போதாதுதான். ஆனால் அதற்கு மேல் யாரிடம் போவது? தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். நான் சரி என்றேன். நானே நின்று காயை இழுக்க வைத்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே நாலு முழம் இருப்பதை நடந்து பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "காலைத் தூக்கி ஓடணும். தரையைப் பாக்காத. புரிஞ்சுதா?" என்றேன். "ம்" என்றான். வாயில் சோறு இருந்தது.

மூன்று மணிக்கு ஆட்டம். எதிர் அணி பெரிய ஊர்ப் பள்ளிக்கூடம். எல்லோருக்கும் பூட்ஸ். எங்கள் பையன்கள் வெறுங்கால். மில் நண்பர் கடைசி நேரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வேர்க்க வேர்க்க வந்து சேர்ந்தார். தலைமையாசிரியர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். முதல் பாதியில் ஆட்டம் மேற்கு ஓரத்தில், மல்லாட்டைக்கு எதிர்ப்பக்கத்தில். என் மகன் அந்தப் பாதியில் ஆடியது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. இவனைத் தடுக்க நின்ற அவர்களுடைய லெஃப்ட் பேக் நல்ல உயரமான பையன், பூட்ஸ் போட்டவன். இவன் தோளைச் சாய்த்துச் சாய்த்து அவனை நாலு பக்கமும் திருப்பினான். ஒரு கோல் எங்களுக்கு இவன் கொடுத்த பந்தில்தான் விழுந்தது. மில் நண்பர் என் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினார். இடைவேளைக்குள் அவர்களும் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார்கள்.

இடைவேளையில் பக்கம் மாறியதும் ரைட் அவுட்டுக்குக் கிழக்கு ஓரம் வந்தது.

நான் ஒன்றைக் கவனிக்கவில்லை. மத்தியானம் முழுக்க மண்டிப் பெண்கள் காயைத் துழாவிக்கொண்டேயிருந்தார்கள். ஈரக் காய், பரவலாகக் கிடந்தால்தான் சீக்கிரம் காயும். ஒவ்வொரு துழாவலுக்கும் பரப்பு கொஞ்சம் அகலமானது. நாலு முழம் மூன்றாகி, ஒன்றாகி, கடைசியில் காய் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. காயில் சுண்ணாம்பு ஒட்டக்கூடாது என்று யாரோ துடைப்பத்தால் கோட்டையும் கூட்டித் தள்ளியிருந்தார்கள். நான் மறுபக்கம் மில் நண்பரோடு உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியவில்லை.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். என் மகனுக்குப் பக்கத்தில் ஆடும் ரைட் இன் நல்ல பந்து ஒன்று கொடுத்தான். நீளமாக, லெஃப்ட் பேக்குக்குப் பின்னால். என் மகன் அதை நோக்கிப் பறந்தான். அவர்கள் கோல்கீப்பர் முன்னால் வந்துவிட்டான், பின்னால் கோல் காலி. பந்துக்கும் இவனுக்கும் நடுவில் ஒருத்தரும் இல்லை. நான் நாற்காலி வரிசையைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். "ஓடு! ஓடு! ஓடுடா!"

பந்து உருண்டு மல்லாட்டையில் ஏறியது. அவன் நின்றுவிட்டான்.

சும்மா நிற்கவில்லை. குதிரை ஓட்டமாக வந்த கால் அந்த ஓரத்தில் அப்படியே தரையில் பதிந்து, மெதுவாக, பாதத்தை இழுத்துக்கொண்டு காயின் மேல் நடக்கத் தொடங்கியது. மாமன் வீட்டுக் களத்தில் துழாவுகிற மாதிரி. எங்கள் பையன்கள் ஒருவன்கூட ஏன் நின்றாய் என்று கத்தவில்லை. அவர்களும் நின்றிருந்தார்கள். கூட்டமே நின்றிருந்தது. துடைப்பத்தோடு நின்ற பெண் ஒருத்தி, "அப்படித்தாண்டா கண்ணு, மெதுவா" என்றாள். நடுவர் விசில் ஊதவில்லை. கோடு இருந்த இடம் அவருக்கு நினைவிருந்தது, பந்து உள்ளேதான் கிடந்தது.

லெஃப்ட் பேக் வெளியூர்க்காரன். அவனுக்குப் பந்து மட்டும்தான் தெரிந்தது. பூட்ஸோடு முழு வேகத்தில் காயின் மேல் ஓடி வந்தான். மூன்று எட்டு வைத்திருப்பான். கால் இரண்டும் ஒன்றாக முன்னால் போயின, ஆள் பின்னால் விழுந்தான், ஒரு கையை ஊன்றினான். காய் நொறுங்குகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. அந்தச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தமும் இருந்தது. எது மல்லாட்டை, எது எலும்பு என்று என் காதுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பையன் கையைத் தூக்கியபோது தெரிந்தது. மணிக்கட்டுக்கு மேலே கை வேறு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் அவனிடம் போனவன் என் மகன்தான். அப்போதும் கால் இழுத்தே போனான். எல்லோரும் ஓடிப் போய்க் காயின் ஓரத்தில் தடுமாறி நிற்கிறார்கள், இவன் மட்டும் நேராகப் போய்ச் சேர்ந்து அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டான். நான் போய்ச் சேர்ந்ததும் வாயில் வந்தது இதுதான்:

"ஏண்டா நின்ன?"

அடிபட்ட பையன் அழுதுகொண்டிருக்கிறான். நான் இதைக் கேட்கிறேன். என் மகன் நிமிர்ந்து பார்த்தான். மைதானத்தில், எல்லோர் முன்னாலும் சொன்னான்:

"நைனா, மல்லாட்டை நைனா."

அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை என்பது போல.

துணியால் கையைக் கட்டி, மண்டி வண்டியிலேயே வைத்து அடிபட்டவனைக் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மண்டிக்காரரே மாட்டை ஓட்டினார். ஆட்டம் அதோடு நின்றது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து மூச்சிரைக்க பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது மில் நண்பர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார்.

"பாத்தீங்களே, முதல் பாதியில..." என்றேன்.

"பாத்தேன்பா. காலு நல்ல காலு." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா பந்தைப் பாக்கறவன்தான் எனக்கு வேணும். இவன் தரையைப் பாக்கறான். எங்க மில் கிரவுண்டுல மல்லாட்டை இல்லை, ஒத்துக்கறேன். நாளைக்கு வேற எதுக்கோ நிப்பான். மில்லுல கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

"இந்த ஊர்ப் பையன் எவனா இருந்தாலும் நின்னுருப்பான்."

"அதான்பா நானும் சொல்றேன்."

பஸ் கிளம்பிவிட்டது. தலைமையாசிரியர் மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "கோடு ஏன் சரியாப் போடலை?" என்று கேட்டார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

வீட்டில் இரண்டு நாள் நான் அவனிடம் பேசவில்லை. அவன் எப்போதும் போல் சாப்பிட்டான், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. அழுதாலாவது தேற்றியிருப்பேன். மூன்றாம் நாள் அவன் இல்லாதபோது மனைவியிடம் வெடித்தேன். மூன்று மாதம் நான் நாய் மாதிரி அலைந்ததும், ஒரே ஒரு ஓட்டத்தில் எல்லாம் போனதும், அத்தனையும் சொன்னேன். அவள் முறத்தை விட்டு நிமிராமல் கேட்டாள்.

"ஓடலைன்னுதானே கோவம்?"

"ஆமா."

"ஓடியிருந்தா?"

முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பிள்ளைக்குக் காலுல பூட்ஸ் இருந்துது. விழுந்துது. இவனுக்கு வெறுங்காலு. அதே வேகத்துல போயிருந்தா இந்நேரம் யாரு கையைப் பிடிச்சிக்கிட்டு யாரு ஆஸ்பத்திரியில உக்காந்திருப்பாங்க? நீங்கதான் ஓடு ஓடுன்னு கத்தினீங்களாமே. எதுத்த வீட்டு வரைக்கும் கேட்டுதாம்."

அவன் நின்றது தவறு என்று நினைத்தால் அந்தச் சத்தம் காதில் கேட்கிறது. நின்றது நல்லது என்று நினைத்தால் காலியாக நின்ற அந்தக் கோல் கண்ணில் வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று அடிப்பதில்லை. இரண்டும் உட்கார்ந்துகொண்டு என்னைத்தான் அடிக்கின்றன. இப்போதெல்லாம் மைதானத்தில் எந்தப் பையனாவது ஓடும்போது லேசாக இடறினால் என் கை தானாக விசிலை வாயில் வைத்து ஊதிவிடுகிறது. ஆட்டம் நிற்கிறது. "இன்னா சார் ஃபவுல்?" என்று கேட்கிறான்கள். ஒன்றுமில்லை, ஆடுங்கடா என்கிறேன். என் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறான்கள் என்றும் தெரியும்.

அந்த மாசிக் கடைசியில் மண்டிக்காரர் ஒரு நாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அடிபட்ட பையனுக்குக் கை கூடிவிட்டது, தான் ஆள் அனுப்பி விசாரித்ததாகச் சொன்னார். கிளம்பாமல் நின்றார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. பரீட்சைக்கப்புறம் பையன் சும்மா இருந்தா நம்ம மண்டிக்கு அனுப்புங்க. அன்னைக்கு நான் பாத்துக்கிட்டேதான் நின்னேன். அவ்வளவு பேரு கத்தறாங்க, பெத்த அப்பன் நீங்களே கத்தறீங்க. காயை மிதிக்கலை பாருங்க. அந்த மாதிரி ஆளுதான் எனக்கு வேணும்."

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. எவருடைய மல்லாட்டையால் பையன் வழி அடைபட்டதோ, அவரே வழி காட்ட வந்து நிற்கிறார். அதுவும் எதற்காக அந்த வழி போனதோ அதையே பாராட்டி. "பையன் படிக்கிறான்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். போகிறபோது அவர் தலையாட்டினார். கணக்கு வாத்தியாரின் பேச்சு கடைத்தெரு வரை போயிருந்தது என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது.

பரீட்சை ரிசல்ட் கணக்கு வாத்தியார் சொன்னபடியே வந்தது. நான் மில் நண்பருக்கு மறுபடி சொல்லி அனுப்பினேன், போலீஸ் ஆளெடுப்பைப் பற்றி விசாரித்தேன், தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். நான் அலைந்துகொண்டிருந்தபோதே ஆனி மாதத்தில் ஒரு நாள் காலையில் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, "நைனா, மண்டிக்குப் போயிட்டு வர்றேன்" என்றான். ஏதோ வாங்கிவரப் போகிறான் என்று நினைத்தேன். சாயங்காலம் தலையெல்லாம் தூசியோடு வந்தான். அவன் அம்மாதான் கேட்டாள், "சாப்டியா?"

அடுத்த மார்கழியில் அவன் மைதானத்துக்கு வந்தான், மல்லாட்டையோடு. எங்கே கொட்டுவது, எவ்வளவு பரப்புவது, எப்போது குவிப்பது எல்லாம் அவன் பொறுப்பு. கிழக்கு ஓரத்தில் கயிறு கட்டி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு காய் வராமல் பார்த்துக்கொண்டான். அதை எனக்காகச் செய்தானா, காய்க்காகச் செய்தானா என்று நான் கேட்டதில்லை. மண்டிப் பெண்கள் அவனை "ரைட் அவுட்டு" என்று கூப்பிடுகிறார்கள். "ஏ ரைட் அவுட்டு, சாக்கு எடுத்தா!"

ஒரு நாள் மாலை மலை நிழல் விழுகிற நேரம். புதுப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து கயிற்றைத் தாண்டிப் போய்க் காயின் நடுவில் நின்றது. யாரும் போகவில்லை. என் மகன் துழாவிக்கொண்டே பந்திடம் போய்க் கையில் எடுத்தான். அதே நிதானத்தில் கால் இழுத்துக் கயிறு வரை வந்தான். கயிற்றைத் தாண்டிப் பச்சைத் தரையில் பந்தை வைத்தான். இரண்டு எட்டு பின்னால் போய், தோளை ஒரு பக்கம் சாய்த்து, அடித்தான்.

நீளமான பந்து. எதிர் ஓரத்தில், தடுக்க நின்ற எல்லா பேக்குகளுக்கும் பின்னால், கோலுக்கு முன்னால் போய் விழுந்தது. வெறும் பள்ளிக்கூடப் பையன்களுக்கு யாரும் கொடுக்கமாட்டார்கள் அப்படி ஒரு பந்து. "ஓடு! ஓடுடா!" என்று நான் கத்தினேன். ஒருவனும் ஓடவில்லை. அது அவ்வளவு தூரம் வரும் என்று எவனும் நினைத்திருக்கவில்லை. பந்து தானாக உருண்டு காலிக் கோலுக்குள் போய் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். அவன் எனக்கு முதுகைக் காட்டி நின்று, குவியலுக்குச் சாக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.